திருகோணமலையில் ஒரு கிரிக்கெட் பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கழகத்தின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்து ஏழு வருடமாகிறது. தை பிறந்தால் போதும், சலூனில், பஸ்ஸில், கலியாண வீட்டுப் பந்தியில் எல்லாம் ஒரே கேள்விகள். எப்போது தொடங்குகிறது, போன முறை ஏன் அப்படித் தோற்றீர்கள், மகனைச் சேர்க்கலாமா. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

கழகம் என்றதும் கட்டடம், பெயர்ப்பலகை என்று நினைக்க வேண்டாம். இருபத்தைந்து பேர் அளவு, இரண்டு கிட் பை, ஒரு மெட் (ஆடுகளமாக நிலத்தில் விரிக்கும் தும்புப் பாய்). அவ்வளவுதான் சொத்து. அதில் மெட்டைப் பற்றித்தான் கூடப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருவம் எப்போது தொடங்கி எப்போது முடியும்?

மாசியில் தொடங்கும், புரட்டாசியோடு முடியும். ஐப்பசி நடுவில் மாரி இறங்கினால் தை வரை திடலில் தண்ணீர் நிற்கும், கொக்கு நிற்கும், நாங்கள் நிற்க முடியாது. கொழும்பிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு இது முதலில் விளங்குவதில்லை. அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற வைகாசி, ஆனியில் இங்கே புழுதி பறக்கும். எங்களுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று.

மாசியில் தொடங்கும் என்று சொன்னாலும் மாசியில் மைதானம் கிடைப்பது பெரும்பாடு. பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் அப்போதுதான் நடக்கும். மக்கெய்சர், ஏகாம்பரம் மைதானங்கள் இரண்டிலும் உதைபந்தாட்டக்காரர்களும் நாள் கேட்டு நிற்பார்கள். இந்த ஊரில் உதைபந்தாட்டத்துக்குத்தான் முதல் மரியாதை, அதில் எனக்குச் சண்டை இல்லை. அப்புறம் நோன்பு. அது வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். இந்தச் சில வருடங்களாக மாசி, பங்குனிப் பக்கம் வருகிறது. எங்கள் அணியில் கிண்ணியா, ஜமாலியா ஆட்கள் ஏழு எட்டுப் பேர். நோன்பு பிடித்துக்கொண்டு வெயிலில் பத்து ஓவர் வீசு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. காலை ஏழு மணிக்கு வலைப் பயிற்சி மட்டும் வைப்போம். அது முடிந்தால் கோணேசர் கோயில் திருவிழா, புத்தாண்டு. ஆக, உண்மையான பருவம் சித்திரை பாதியில்தான் சூடு பிடிக்கும்.

அது சரி, ஆனி, ஆடியில் ஏன் தொடர்ந்து தோற்கிறீர்கள்?

எங்கள் முதல் பந்து வீச்சாளர் அந்த நேரத்தில் கடலில் நிற்பார்.

விளக்கமாகச் சொல்கிறேன். மழை இல்லாத மாதங்கள்தான் இந்தப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். கடல் அமைதியென்றால் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் நிறையும், புறாத்தீவுக்குப் படகு ஓடும். எங்கள் ஆட்களில் மூன்று பேர் ஹோட்டலில் வேலை, இரண்டு பேர் படகோட்டிகள். ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் முதலாளி சிரிப்பார், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். மாரியில் அவர்களுக்கு நேரம் உண்டு, எங்களுக்குத் திடல் இல்லை. கோடையில் எங்களுக்குத் திடல் உண்டு, அவர்களுக்கு நேரம் இல்லை. இந்தக் கணக்குக்கு ஏழு வருடமாக விடை தேடுகிறேன்.

இப்போதைக்கு ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். படகுகள் பெரும்பாலும் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடும். அதனால் ஆனி, ஆடியில் முடிந்த அளவு ஆட்டங்களைப் பிற்பகலுக்கு மாற்றிக் கேட்கிறோம். எதிரணி சம்மதித்தால் எங்கள் ஆள் உப்புத் தலையோடு வந்து இறங்குவார். ஒரு தடவை நாணயச் சுழற்சி முடிந்த பிறகு வந்தார், காலில் இன்னும் மணல். அன்று நான்கு விக்கெட் எடுத்தார். சம்மதிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள்.

கச்சான் காற்றில் எப்படி விளையாடுகிறீர்கள்?

கச்சான் என்றால் வைகாசி நடுவிலிருந்து ஆவணி வரை தரைப் பக்கமிருந்து அடிக்கும் வறண்ட காற்று. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மழையை எல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, காய்ந்த வாயோடு எங்களிடம் வரும். உதடு வெடிக்கும், கண்ணுக்குள் மண் விழும், புள்ளிப் புத்தகத்தின் தாள் பறக்கும். வெளியூர் அணிகள் நாணயச் சுழற்சியில் வென்றதும் மெட்டைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம்.

எங்கள் திடலுக்கு வீதி முனை, கடல் முனை என்று இரண்டு முனை. வேகப் பந்து வீச்சாளருக்கு வீதி முனை, முதுகில் காற்றோடு. அதைவிட முக்கியம் கடல் முனையில் யார் என்பது. அங்கிருந்து வீசுகிறவர் காற்றுக்கு எதிராக வீச வேண்டும். இளைஞர்கள் யாரும் கேட்டு வாங்குவதில்லை. எங்களிடம் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், மெதுவான ஓஃப் ஸ்பின். பந்தை உயரத் தூக்கிப் போடுவார். எதிர்க்காற்றில் அது நடுவழியில் தயங்கி, துடுப்பாட்டக்காரர் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழும். இழுத்து அடிக்கிறவர் அடித்து முடித்த பிறகுதான் பந்து வந்து சேரும். ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனுஷன் எங்கள் பருவத்தைக் காப்பாற்றுகிறார் என்றால் பாதிப் புண்ணியம் கச்சானுக்கு.

காற்றில் பெயில்ஸ் (ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சின்னக் கட்டைகள்) விழுந்துகொண்டே இருந்தால்? அப்படி விழுந்தால் யாரும் ஆட்டமிழந்ததாகாது. நடுவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பெயில்ஸ் இல்லாமலே ஆட முடிவு செய்யலாம், விதியில் இடம் உண்டு. அதற்குப் பிறகு ஸ்டம்பில் பந்து பட்டதா இல்லையா என்பது நடுவரின் தீர்ப்பு. கனமான பெயில்ஸும் விற்கிறார்கள். எங்களுடைய கனமான சோடி போன வருடம் ஒரு பையனின் சைக்கிள் கூடையில் போய், வரவே இல்லை.

இன்னும் ஏன் மெட்? புல் ஆடுகளம் போட முடியாதா?

புல் ஆடுகளம் என்றால் நல்ல களிமண், தினமும் தண்ணீர், உருளை, அதற்கென்று ஒரு ஆள், வேலி. எங்கள் திடலில் வெள்ளிக்கிழமை உதைபந்தாட்டம், சனிக்கிழமை மாடு, ஞாயிறு நாங்கள். எனவே மெட்.

எங்களுடையது தும்பில் பின்னிய பாய். 66 அடி நீளம், 8 அடி அகலம். விதிப்படி செயற்கை ஆடுகளத்துக்கு 58 அடி நீளமும் 6 அடி அகலமும் இருந்தாலே போதும். ஆகவே நாங்கள் குறைவாக ஒன்றும் ஆடவில்லை. யாராவது மூக்கைச் சுளித்தால் அவர்களுக்கு ஒரு செய்தி: பாகிஸ்தானில் 1950களில் டெஸ்ட் ஆட்டங்களே மெட்டில் நடந்தன. 1959 டிசம்பரில் கராச்சியில் அவுஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்தைப் பார்க்க அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் வந்திருந்தார், அதுவும் மெட்தான்.

மெட்டில் எல்லாமே இழுவையில் இருக்கிறது. கிரவல் போட்டு இறுக்கிய தரையைக் கூட்டிச் சின்னக் கல்லைப் பொறுக்க வேண்டும். விரித்து, ஒரு முனையில் ஆணி அறைந்துவிட்டு, மறுமுனையில் வடம் இழுக்கிற மாதிரி நாலு பேர் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். இழுத்துப் பிடித்தபடி இரண்டு பக்கமும் ஆணி. இறுக்கமாக இருந்தால் பந்து நெஞ்சுக்கு எழும்பும், கட்டர் கத்தி மாதிரித் திரும்பும். தளர்ந்திருந்தால் பந்து சோம்பி வழுக்கிக் கணுக்காலுக்கு வரும். எதிரணித் துடுப்பாட்டத்துக்கு முன் எங்கள் ஆட்கள் ஒருமுறை கூடுதலாக இழுக்கிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் மெட்டைச் சுருட்டி ஒருவரின் வீட்டுக் கராஜில் வைத்தோம். நிலத்தில் பலகை போட்டு வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், மழை வருகிற அவசரத்தில் போடவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. தை முடிந்து விரித்தபோது நடுவில், சரியாகக் குட் லென்த் இடத்தில், எலி ஒரு குடும்பமே நடத்தியிருந்தது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீன் வலை பொத்துகிற ஒரு அண்ணனைக் கூட்டி வந்து நைலோன் நூலால் ஒட்டுப் போட்டோம். அவர் வலை ஊசியை எடுத்து இரண்டு மணித்தியாலம் குனிந்திருந்து தைத்தார். காசு வாங்கவில்லை. ‘இதுக்குள்ள எந்த மீனும் தப்பாது’ என்று மட்டும் சொன்னார். அந்த ஒட்டில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று வீசுகிறவருக்கும் தெரியாது. எங்கள் விக்கெட் காப்பாளர் மட்டும் எப்படியோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

மென்பந்தா, கடினப்பந்தா?

இரண்டும். மென்பந்து என்றால் திருவிழா. ஒரே நாளில் பதினாறு அணி, ஐந்து அல்லது ஆறு ஓவர், ஒலிபெருக்கியில் வர்ணனை, இரவு மின்னொளி. எல்பிடபிள்யூ கிடையாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆடுவது அதுதான், கூட்டம் வருவதும் அதற்குத்தான். பரிசுப் பணத்தில்தான் நாங்கள் கடினப்பந்து வாங்குகிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடினப்பந்து வேறு சங்கதி. 156 முதல் 163 கிராம் வரை எடை. விரலில் பட்டால் ஒரு வாரத்துக்குச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். மென்பந்தில் எல்லாப் பந்தையும் தூக்கி அடித்துப் பழகிய பையன்கள் இங்கே வந்து முதல் மூன்று ஆட்டம் ஸ்லிப்பில் பிடி கொடுப்பார்கள். அப்படியே போகிறவர்களும் உண்டு. நாலாவது ஆட்டத்துக்கு வருகிறவர் நிலைத்துவிடுவார்.

சொந்த மட்டை, பேட் இல்லாமல் சேரலாமா?

சேரலாம். கிட் பையில் எல்லாம் இருக்கிறது. காற்சட்டைக்குள் போடும் கார்ட் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், காரணம் கேட்காதீர்கள். தலைக்கவசம் இல்லாமல் கடினப்பந்துக்கு யாரையும் இறக்க மாட்டோம். மென்பந்து மட்டையைக் கொண்டு வந்து கடினப்பந்தை அடிக்க வேண்டாம், பிளந்துவிடும். முள்ளுச் சப்பாத்து வேண்டாம், றப்பர் அடி போதும். மெட் பற்றி மேலே சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும்.

மாதச் சந்தா ஒரு கொத்துரொட்டியின் விலைக்குள். கட்ட முடியாத மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆட்டத்தின் நடுவில் மான் வந்தால் என்ன செய்வீர்கள்?

வெளியூர்க்காரர்கள் பகிடிக்குக் கேட்கிற கேள்வி. எங்களுக்குப் பகிடி இல்லை. கோட்டைக்குள்ளும் ஊருக்குள்ளும் புள்ளி மான்கள் ஆடு மாதிரித் திரிகிற ஊர் இது. பஸ் நிலையத்தருகே வாழைப்பழத் தோல் தின்கிற மானை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

விதி தெளிவாக இருக்கிறது. 2022 ஒக்டோபரில் வந்த திருத்தத்தின்படி, மைதானத்துக்குள் வந்த ஆளாலோ மிருகத்தாலோ வேறு பொருளாலோ இரண்டில் ஒரு அணிக்குப் பாதகம் நேர்ந்தால் நடுவர் அதை இறந்த பந்தாக, அதாவது அந்தப் பந்தின் ஆட்டம் அதோடு நின்றதாக, அறிவிக்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்தது. நாலுக்குப் போகவேண்டிய பந்து ஒரு கொம்பன் மானின் காலில் பட்டு நின்றது. அது பந்தை மோந்து பார்த்தது, தின்னக்கூடியதல்ல என்று முடிவு செய்து விலகியது. எதிரணிக் களத்தடுப்பாளர் பந்தை எடுத்து எறிந்து எங்கள் ஆளை ரன் அவுட் ஆக்கினார். நடுவர் இறந்த பந்து என்றார். இருபது நிமிடம் வாக்குவாதம். மான் அதற்குள் மெட் பக்கம் போய்விட்டது, அதை விரட்ட நான் ஓடினேன்.

நிகர ஓட்ட வீதம் எப்படிக் கணக்கிடுவது? போன முறை உங்களை வெளியே தள்ளியது அதுதானே?

அதுதான். ஏற்பாட்டாளர்களின் பெயர் வேண்டாம், தெரிந்து செய்யவில்லை. ஆனால் கணக்கு பிழை. எல்லோருக்கும் உதவும் என்பதால் எண்ணோடு சொல்கிறேன். ஓவருக்கு நாம் எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்கு எதிரணி எடுத்த ஓட்டத்தைக் கழித்தால் வருவதுதான் நிகர ஓட்ட வீதம்.

20 ஓவர் ஆட்டம். நாங்கள் 17.4 ஓவரில் 120க்குச் சகல விக்கெட்டையும் இழந்தோம். அவர்கள் 16.3 ஓவரில் 121 எடுத்து வென்றார்கள். முதலாவது விஷயம், சகல விக்கெட்டும் போனால் நீங்கள் ஆடிய ஓவரால் வகுக்கக் கூடாது, கிடைத்த முழு ஓவராலும் வகுக்க வேண்டும். 120ஐ 20ஆல் வகுத்தால் 6.00. 17.4 ஓவரால் வகுத்து 6.79 என்று போட்டால் சுருண்ட அணிக்கு அது பரிசு. இரண்டாவது, 16.3 என்பது பதினாறு ஓவரும் மூன்று பந்தும். ஆறு பந்தில் மூன்று என்றால் பாதி, அதாவது 16.5. 121ஐ 16.5ஆல் வகுத்தால் 7.33. கல்குலேட்டரில் 16.3 என்றே தட்டினால் 7.42 வரும். சரியான விடை 6.00இல் 7.33ஐக் கழித்தால் வரும் −1.33. ஏற்பாட்டாளர்கள் தட்டியது −1.42.

நூறில் ஒன்பது. இது என்ன பெரிய வித்தியாசம் என்பீர்கள். தொடர் முழுவதும் அப்படித் தட்டினால் சில அணிக்குக் கூடும், சிலருக்குக் குறையும், அரையிறுதிக்கு வேறு ஆள் போவார். நாங்கள் வீட்டுக்கு வந்து, கணித ஆசிரியர் முற்றத்தில் கதிரை போட்டு எல்லா ஆட்டத்தையும் திரும்பப் போட்டுப் பார்த்தபோது இரவு பதினொன்றரை. அதற்குள் அரையிறுதிச் சோடிகளை அறிவித்தாகிவிட்டது. இந்த வருடம் புள்ளிப் பட்டியலை ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எல்லா அணிக்கும் அனுப்பும்படி கேட்டிருக்கிறோம்.

விளையாடத் தெரியாது, ஆனால் ஏதாவது உதவி செய்யலாமா?

தயவுசெய்து வாருங்கள். துடுப்பெடுத்தாட ஆள் வரிசையில் நிற்கிறார்கள், புள்ளி பதிய ஆள் இல்லை. அரை நாளில் பழகிவிடலாம். ஓட்டம் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, வைட்டுக்குக் கூட்டல் குறி, நோபோலுக்கு வட்டம், பைக்கு முக்கோணம், லெக்பைக்குத் தலைகீழ் முக்கோணம். ஓட்டமே கொடுக்காத ஓவரில் ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் ஆங்கில எம் எழுத்து வரும், அதுதான் மெய்டன். அந்த எம்மைப் போடுகிற சுகம் புள்ளி பதிகிறவர்களுக்குத்தான் தெரியும். முன்பு எங்களுக்குப் பதிந்து தந்த தம்பி இப்போது கட்டாரில் வேலை. அங்கிருந்தும் ஞாயிறு மாலை போன் எடுத்து முதலில் கேட்பது எத்தனை மெய்டன் என்றுதான்.

பென்சிலால் பதியுங்கள். கச்சான் மாதங்களில் இரண்டு உடுப்புக் கிளிப் கொண்டு வாருங்கள்.

எந்தெந்த விதிகளில் அதிகம் சண்டை வருகிறது?

மூன்று.

பந்து வீசும் முன்னே மறுமுனையில் நிற்பவர் கோட்டை விட்டு வெளியேறினால் பந்து வீச்சாளர் ரன் அவுட் ஆக்கலாமா? ஆக்கலாம். 2022 திருத்தத்தில் இதை நியாயமற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்து ரன் அவுட் விதிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனாலும் எங்கள் அணித் தலைவர் ஒருமுறை எச்சரிப்பார், அது அவர் வளர்ப்பு.

பிடி கொடுத்து ஆட்டமிழக்கும்போது இருவரும் ஓடிக் கடந்துவிட்டார்கள், அடுத்த பந்தை யார் எதிர்கொள்வது? புதிதாக வருகிறவர்தான். ஓவர் முடிந்திருந்தால் மட்டும் விலக்கு. இதுவும் அதே திருத்தம். பழைய ஆட்கள் இன்னும் பழைய விதியைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள்.

மூன்றாவது, நேரம். ஒருவர் ஆட்டமிழந்து 3 நிமிடத்துக்குள் அடுத்தவர் தயாராக நிற்க வேண்டும். எங்கள் ஏழாம் இலக்க ஆள் தென்னை மரத்தடியில் படுத்திருந்து, விக்கெட் விழுந்த பிறகுதான் பேட் தேடுவார். 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் அஞ்சலோ மத்தியூசுக்கு நடந்ததை அவருக்கு வாரா வாரம் சொல்கிறோம். உலகக் கிண்ணத்தில் அந்த வரம்பு 2 நிமிடம், தலைக்கவசத்தின் பட்டி அறுந்தது, பங்களாதேஷ் முறையிட்டது, சர்வதேச ஆட்டத்தில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆளாகிவிட்டார். எங்கள் ஆள் அதைக் கேட்டுவிட்டு ‘எனக்குப் பட்டியே இல்லையே’ என்கிறார்.

களத்தில் எந்த மொழியில் பேசுவீர்கள்?

தமிழ்தான், இடைக்கிடை சிங்களம். ஓட்டத்துக்கு மட்டும் யெஸ், நோ, வெயிட் என்று கட்டாயமாக வைத்திருக்கிறோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் தொடக்க ஆட்டக்காரர் சீனன்குடாப் பக்கத்துச் சிங்களப் பையன். யாழ்ப்பாணத்திலிருந்து வங்கி மாற்றலில் வந்த ஒருவர் மறுமுனையில். பையன் ‘எப்பா’ என்று கத்தினான். சிங்களத்தில் வேண்டாம் என்று அர்த்தம். கச்சானில் அது இவருக்கு ‘வாப்பா’ என்று கேட்டது. வந்தார். ஒரே முனையில் இரண்டு பேரும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மழை, மின்னல்?

மாரியில் ஆட்டமே இல்லை என்பதால் மழை எங்களுக்குச் சித்திரையிலும் புரட்டாசியிலும்தான் தலையிடும், பின்னேர இடிமழையாக. மழைக்கு நாங்கள் ஓடுவது மெட்டைச் சுருட்ட. காய்ந்த மெட்டுக்கு நாலு பேர் போதும், நனைந்தால் எட்டுப் பேர்.

மின்னலுக்கு மட்டும் விளையாட்டில்லை. மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால் எல்லோரும் வெளியே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பவும் உள்ளே. தென்னை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. மெட் நனைந்தால் நனையட்டும். இதை நான் எழுதுகிறேன் என்றால் எவ்வளவு முக்கியம் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வெளியூர் ஆட்டங்களுக்கு எப்படிப் போகிறீர்கள்?

கந்தளாய் என்றால் வான் பிடிப்போம், 40 கிலோமீற்றர் அளவு. கிண்ணியா, மூதூர் என்றால் மோட்டார் சைக்கிள். இப்போது சிரமம் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பாதையில் ஏறித்தான் போக வேண்டும். புதிய தலைமுறைக்கு: பாதை என்றால் வீதி இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இறக்கும் மிதவை. மெட்டையும் பாதையில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள் மூத்தவர்கள். பின்னேரம் கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே வேகமாக அடித்து ஆட்டமிழந்தோம் என்று இன்றும் ஒருவர் தன் பழைய புள்ளிகளுக்கு விளக்கம் சொல்வார்.

2022இல் பருவமே நடக்கவில்லை என்று சொல்லலாம். எரிபொருள் வரிசையில் இரவெல்லாம் நின்றவனிடம் காலையில் வா ஆடுவோம் என்று எப்படிச் சொல்வது? கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதில் வேலைக்குப் போவதா, கந்தளாய்க்குப் போவதா? திடலுக்குச் சைக்கிளில் வரக்கூடியவர்கள் மட்டும் வந்து ஆளுக்கு ஐந்து ஓவர் அடித்துவிட்டுப் போனோம்.

சாப்பாடு உண்டா?

எதிரணிக்கும் நடுவர்களுக்கும் நாங்கள் கொடுப்போம். காலையில் மாலு பணிஸ், பிளேன்டீ. மதியம் லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல், அநேகமாகச் சூரைக் கறி. இறைச்சி வாங்கினால் எல்லோரும் சாப்பிடக்கூடிய கடையிலிருந்துதான் வாங்குவோம், மரக்கறிப் பார்சல் நாலு கட்டாயம். வெயிலுக்குத் தோடம்பழம் வெட்டி உப்புத் தூவி வைத்திருப்போம். சோடா கொடுப்பதை நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகு யாரும் ஓடுகிறார்கள் இல்லை.

மகளை அனுப்பலாமா?

அனுப்பலாம். இப்போது நான்கு பிள்ளைகள் சனி மாலை பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு 140 முதல் 151 கிராம் வரையான பெண்களுக்குரிய பந்துதான், பையன்களின் பந்தைக் கொடுத்துச் சமாளிப்பதில்லை. 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை 8 விக்கெட்டால் வென்று ஆசியக் கிண்ணம் தூக்கிய அடுத்த வாரமே இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். தனி அணிக்கு இன்னும் ஆள் போதாது. பயிற்சி முடிந்து இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்த பிறகுதான் நான் கிளம்புவேன்.

மகன் இலங்கை அணிக்குப் போவானா?

தெரியாது என்று சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வருகிறது. போவான் என்று சொன்னால் பொய். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடிய வியாஸ்காந்த் லெக் ஸ்பின்னோடு 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் ஐபிஎல்லிலும் ஆடினார். வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்குப் பின்னால் ஆண்டாண்டாகக் கடினப்பந்து ஆடும் பாடசாலைகள் இருந்தன. அந்தக் கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெரும் சமர் 1904இலேயே தொடங்கியது. பையனுக்குப் பதின்மூன்று வயதுக்குள் பாடசாலை அணியில் கடினப்பந்து கிடைக்கப் பாருங்கள். எங்களிடம் ஞாயிறு வரட்டும், கடல் முனையிலிருந்து பந்து வீசப் பழகட்டும்.

எனக்கு 43 வயது. பிந்திவிட்டதா?

கணித ஆசிரியரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். முழங்கால் எப்படி?

ஞாயிறு எத்தனை மணிக்கு வர வேண்டும்?

ஆட்டம் எட்டரைக்கு. நீங்கள் ஆறேகாலுக்கு வாருங்கள். மெட் கழகத் தலைவரின் வீட்டு விறாந்தையில், பலகைக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து திடலுக்கு இருநூறு யார் தூரம் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டும், எட்டரைக்கு வருகிற நட்சத்திரங்கள் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள். வீட்டில் ஆறங்குல ஆணி இருந்தால் கொண்டு வாருங்கள். போன வாரம் எண்ணியபோது நாலு குறைந்தது.